பலகைமேலா, பட்டறையிலா? அக்கா மகனுக்காகப் போட்ட கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூரில் என் ஃபைபர் பட்டறையில், புதிதாக வாங்கினால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒரு பலகையை ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். நீர்ச்சறுக்குப் பலகை; படகு கயிற்றால் இழுக்க, தண்ணீர்மேல் நின்று சறுக்குவதற்கானது. வால்பக்கம் விரிசல் விட்டதால் துபாயில் யாரோ ஒதுக்கிப் போட்டதை, என் அக்கா மகனின் நண்பன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்திருந்தான். ரம்பம் இறங்கியபோது பையன் கிடாவெட்டைப் பார்க்கிற குழந்தைபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே, நடுவில் தேன்நிறத்தில் நுரை. அதன் மேலும் கீழும் கார்பன் துணி அடுக்குகள். எல்லாம் சேர்ந்தும் ஒரு நாணயத்தின் கனம்தான் இருக்கும். இரண்டு பக்கத்துத் துணியும் ஓரத்தில் சந்திக்கும் இடத்தில் தலைமுடிபோல ஒரு கோடு. விரிசல் அங்கேதான் தொடங்கியிருந்தது. துணியை இறுக்கும் ரெசின் என்ற பிசின் போதவில்லை, அதனால் பிரிந்துவிட்டது என்றேன் நான். பையன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "இல்லை மாமா, இது பின்னங்கால் அழுத்துகிற இடம். திரும்பும்போது முழுப் பாரமும் இங்கேதான் இறங்கும்" என்றான்.

முப்பது வருடமாக ரெசினில் கைவைத்தவன் நான். அவன் இதுபோன்ற பலகைமேல் இரண்டு சீசன் நின்றவன். இரண்டு பேர் பார்வையும் எங்கே பிரிகிறது என்பதை அந்த விரிசல் காட்டிக்கொடுத்தது.

பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கத் தடை வரும். தடை நீங்கும்வரை வீட்டில் வருமானம் நின்றிருக்கும். மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தான். கோவாவில் இருக்கும் மத்திய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் உயிர்காப்பும் விசைப்படகு ஓட்டுவதும் கற்றான். அங்கேயே கடற்கரையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் முதன்முதலாகக் காலில் ஸ்கீ எனப்படும் இந்தச் சறுக்குப் பலகையை மாட்டினான். அதோடு போயிற்று. இப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இந்த விளையாட்டை விட்டு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை என்கிறான்.

அவன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கடன் வாங்கியாவது அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, போட்டி ஆட்டக்காரனாவது ஒன்று. துபாயில் ஒரு கடற்கரை விடுதியில் பயிற்றுநர் வேலை இரண்டாவது. அதற்கான கடிதம் கைக்கு வந்துவிட்டது. என் பட்டறையில் சேர்ந்து இந்தப் பலகைகளைச் செய்யக் கற்றுக்கொள்வது மூன்றாவது. அக்கா கேட்டது ஒரே கேள்வி: "எதில் விட்டால் அறுபது வயதுவரைக்கும் சோறு போடும், அதைச் சொல் தம்பி."

மூன்றாவது வழியில் எனக்கு லாபம் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியைப் பிடிக்கத் தெரிந்த, வேலையில் ஆசையுள்ள பையன் ஓசூரில் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. என் பேச்சில் அந்த வாடை அடித்தால் வாசிப்பவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

போட்டிக்குப் போனால்

நீர்ச்சறுக்கில் வித்தை, தாவல், வளைவோட்டம் என்று மூன்று பிரிவுகள். பையனுக்குப் பிடித்தது ஸ்லாலம் எனப்படும் வளைவோட்டம். 259 மீட்டர் நீளத்தில் ஆறு மிதவைகள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். படகு நடுவில் நூல்பிடித்தாற்போல நேராகப் போகும். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முழுத் தூரத்தையும் 16 விநாடியில் படகு கடந்துவிடும். அதற்குள் ஆறு மிதவைகளையும் வெளிப்பக்கமாகச் சுற்றிவரவேண்டும்.

சுற்றிவந்துவிட்டால் கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டர், 16, 14.25, 13 என்று இறங்கி, இப்போது 9.75 மீட்டர்வரை வந்திருக்கிறது. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். மிதவை இருப்பது 11.5 மீட்டர் தூரத்தில். கயிறோ 9.75 மீட்டர். கயிறு முழுக்கப் பக்கவாட்டில் விரிந்து நின்றால்கூட மிதவையை எட்ட ஒன்றே முக்கால் மீட்டர் குறைகிறது. அந்தக் குறையை ஆள் தன் உடம்பால் நிரப்பவேண்டும். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, உடம்பைத் தண்ணீர்மட்டத்துக்குப் படுக்கவைத்து, காலில் இருக்கும் பலகையை மட்டும் மிதவைக்கு அப்பால் அனுப்பவேண்டும். 2013இல் அமெரிக்காவின் நேட் ஸ்மித் அந்த 9.75 மீட்டர் கயிற்றில் உலக சாதனை படைத்தார். ஆறு மிதவைகள் அல்ல, இரண்டரை.

இந்தக் கணக்கைப் பையன் எனக்கு டீக்கடை மேசையில் விரலால் தண்ணீர் தொட்டு வரைந்து காட்டினான். அழகான கணக்குதான். ஆனால் இதைப் பழக எங்கே போவது?

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் தண்ணீர் இல்லாமல் இல்லை. கிருஷ்ணகிரி அணை நிறைந்தால் 52 அடி. ஆனால் அது பாசனத்துக்கான தண்ணீர். முறை வைத்துத் திறப்பார்கள், மட்டம் இறங்கும். தனியார் யாரும் அங்கே விசைப்படகை இறக்கிவிட முடியாது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. அங்கே தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணையில் ரசாயன நுரை பொங்கி நிற்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீர்ச்சறுக்குக் கற்பவன் முதல் வாரம் முழுக்க விழுவான். விழும்போதெல்லாம் வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறும். அந்த நுரையில் என் அக்கா மகனை விழவிடமாட்டேன்.

மிச்சம் இருப்பது மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. ஒட்டனூர்த் துறையில் நின்று சேலம் மாவட்டத்துக் கோட்டையூரைப் பார்த்தால், காற்று எழாத அதிகாலையில் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும். நீர்ச்சறுக்குக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அணை 120 அடி. நீர் இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி தலைகாட்டும், பிறகு முழு உருவமும் வெளியே வரும். நந்தி எழுந்து மறுபடியும் முழுகுகிற நீரில், மிதவைகளை அளவு பிசகாமல் எப்படி நிறுத்திவைப்பது? ஃபுளோரிடாவில் இதற்கென்றே நீண்ட, ஒடுக்கமான ஏரிகளைத் தோண்டிவைத்திருக்கிறார்கள். அலை கரையில் மோதித் திரும்பிவராதபடி கரையைச் சரிவாக அமைக்கிறார்கள். நம் ஊரில் ஏரி என்றால் முதலில் நெல், அடுத்து மீன் குத்தகை. அதுதான் நியாயமும்.

இழுக்கும் படகுக்கும் கணக்கு உண்டு. போட்டித் தரத்தில் புதிய படகு ஒரு கோடி ரூபாயைத் தொடுகிறது. மணிக்குச் சுமார் 15 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு ஆள் ஒரு தடவை பயிற்சி எடுப்பது கால் மணிநேரம். அதற்கே பெட்ரோல் மட்டும் நானூறு ரூபாய். ஓட்டுநர் சம்பளம், படகுத் தேய்மானம் எல்லாம் தனி. தினம் மூன்று தடவை, வருடம் முழுக்க, பத்து வருடம் செய்தால் ஒருவேளை போட்டியில் பெயர் வரும்.

பெயர் வந்தபிறகு? வளைவோட்டத்தில் பெண்களுக்கான உலக சாதனையைப் பலமுறை முறியடித்த ரெஜினா ஜாக்வெஸ் தொழிலால் மருந்தாளுநர். உலகத்தின் உச்சியைத் தொட்டவருக்கே வேறொரு தொழில் வேண்டியிருக்கிறது என்றால், பரிசுப் பணத்தின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டைக் காட்சிக்காக நடத்தினார்கள். பதக்க விளையாட்டாக இதுவரை சேர்க்கவில்லை. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்கு அரசாங்கத்தின் கை எளிதில் நீளாது. கிரிக்கெட்டைத் தவிர மற்றவை எல்லாம் சவலைப்பிள்ளைகள் என்று புலம்புகிறோமே, இது அந்தச் சவலைகளின் வரிசையில்கூட நிற்கவில்லை.

பையனிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொள்ளவில்லை. "நான் முதலாவதாக வருவேன் என்று சொல்லவில்லை மாமா. 13 மீட்டர் கயிற்றில் ஆறு மிதவைகள் போதும்" என்றான். அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

துபாய்க்குப் போனால்

கடிதத்தில் இருப்பது மாதம் 3,000 திர்ஹாம், தங்குமிடம், வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட். இன்றைய மதிப்பில் எழுபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். என் பட்டறையில் நான் கொடுக்கக்கூடியதைப்போல மூன்று மடங்கு. அக்காவுக்கு இந்த வழி பிடித்திருப்பதற்கு இதுவே போதும்.

வேலை என்னவென்று விசாரித்தேன். பயிற்றுநர் என்று கடிதத்தில் போட்டிருந்தாலும், நாளின் பெரும்பகுதி வாழைப்பழ வடிவத்துக் காற்றுமிதவையில் ஆறு பேரை உட்காரவைத்துப் படகால் இழுப்பதுதான். அவர்களைக் கவிழ்த்துவிடவேண்டும், ஆனால் அடிபடக்கூடாது. அதற்கென்று ஒரு நேக்கு இருக்கிறதாம். ஒகேனக்கல்லில் மாமாவும் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பரிசலைத் தட்டாமாலை சுற்றிக்காட்டுவார். கத்துவார்கள், சிரிப்பார்கள், இறங்கும்போது பத்து இருபது கூடுதலாகக் கொடுப்பார்கள். தகப்பன் செய்வதைத்தான் மகனும் செய்யப்போகிறான், கடலில்.

ஆனால் காலை ஆறு மணிக்கும் மாலையிலும் ஸ்கீ கற்க ஆட்கள் வருவார்களாம். அங்கேதான் இந்த வேலையின் சாரம். கற்றுக்கொடுப்பது எப்படி என்று பையன் பட்டறைத் தரையில் உட்கார்ந்து எனக்குக் காட்டினான். தண்ணீரில் குந்திய நிலையில் இருக்கவேண்டும். முழங்கால் நெஞ்சை ஒட்டி, கைகள் நீட்டி, பலகையின் நுனி தண்ணீருக்கு மேலே. படகு இழுத்ததும் எழுந்து நில் என்று உடம்பு கட்டளையிடும். அதைக் கேட்கக்கூடாது. குந்தியபடியே காத்திருந்தால் பலகை தானாகத் தண்ணீர்மேல் ஏறும், அப்புறம் நிற்கலாம். அவசரப்பட்டுக் காலை நீட்டியவனைக் கயிறு இடுப்போடு முன்னால் மடக்கிவிடும். தொடையின் பின்தசை கிழிந்துபோகும். ஆறு மாதம் படுக்கை.

இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பயிற்றுநரின் திறமை. கோவாவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒன்பது தடவை விழுந்தாராம். பத்தாவது தடவை பையன், "நாற்காலியிலிருந்து எழவேண்டாம் ஐயா, நாற்காலியோடு உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றிருக்கிறான். அவர் எழுந்துவிட்டார். சுழலில் பரிசலோடு மல்லுக்கட்டாதே என்று மாமா சொல்லிச்சொல்லி வளர்ந்தவன். அந்த வளர்ப்பு பேசியது.

வயது விஷயத்தில் இந்த வழி போட்டியைவிட எவ்வளவோ மேல். சாமி டுவால் 1981 முதல் 1987வரை தொடர்ந்து நான்கு முறை ஒட்டுமொத்த உலக சாம்பியன். போட்டியிலிருந்து விலகியபிறகு ஃபுளோரிடாவில் டிஸ்னி விடுதியில் நீர் விளையாட்டு மையம் நடத்தினார். சாம்பியன் பட்டம் மையத்துக்குப் பெயர்ப்பலகையாக உதவியது. சோறு போட்டது மையம். வாழைப்பழ ஜார்ஜ் என்ற செல்லப்பெயர் கொண்ட ஜார்ஜ் பிளேர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் வெறுங்காலால் சறுக்கியவர், மஞ்சள் உடையில். அவரை விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நாற்பத்தைந்து வயதில் படகு ஓட்டவும், ஐம்பது வயதில் சொல்லிக்கொடுக்கவும் எந்தத் தடையும் இல்லை.

குறை என்னவென்றால், அந்த வேலை ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. விசா விடுதிக்காரர் கையில். சீசன் மந்தமானால் முதலில் போவது நீர் விளையாட்டு ஊழியர்கள்தான். கோடையில் அந்த ஊர் வெயில் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கல்யாணம், அப்பா அம்மாவின் முதுமை இவற்றையெல்லாம் அக்கா பேசுவாள், நான் பேசவில்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். ஜெர்மனியின் புரூனோ ரிக்ஸன் என்பவர் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் படகே இல்லாத நீர்ச்சறுக்கைக் கொண்டுவந்தார். கரையோரம் கம்பங்கள் நட்டு, மேலே கம்பிவடம் சுற்றிவரும், மின்மோட்டார் இழுக்கும். வடத்தில் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்கலாம். பெட்ரோல் இல்லை, படகு இல்லை. இரண்டே கம்பங்களுக்கு இடையில் போய்வரும் சிறிய வகையும் இப்போது உண்டு; இருநூறு மீட்டர் தண்ணீர் இருந்தால் போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளைப் பார்த்தால் எனக்கு இந்த நினைப்பு வருகிறது. உடனே பயமும் வருகிறது. செங்குத்துப் பாறை, ஆழம் தெரியாத தண்ணீர், ஏறக் கரை இல்லை. வருடம்தோறும் பிள்ளைகளைக் காவுகொள்ளும் இடங்கள் அவை. என்றைக்காவது ஒரு பண்ணைக்குட்டையை அகலமாக வெட்டி இதைச் செய்யலாம். அதைச் செய்ய, முதலில் அப்படியொரு இடத்தில் வேலை பார்த்த ஆள் வேண்டும்.

பட்டறையில் உட்கார்ந்தால்

இது எனக்குத் தெரிந்த உலகம், அதனால் நீளமாகப் பேசுவேன்.

இந்த விளையாட்டே ஒரு பட்டறை வேலையில் பிறந்தது. 1922 ஜூலை 2ஆம் தேதி, தன் பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், அமெரிக்காவின் மினசோட்டாவில் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் படகின் பின்னால் எழுந்து நின்றார். அதற்குமுன் பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், முழுகின. பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிப் பார்த்தார், அவையும் முழுகின. பிறகு எட்டடி நீள பைன் பலகை இரண்டு வாங்கி, நுனியைக் கொதிநீரில் வேகவைத்து மேல்நோக்கி வளைத்து, தோல் வார் அடித்துக் காலில் கட்டிக்கொண்டார். ஆனால் காப்புரிமை வாங்கவில்லை. 1925இல் நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றவர் பிரெட் வாலர். பிற்பாடு சினிராமா என்ற அகலத்திரை முறையைக் கண்டுபிடித்த அதே ஆள். சாமுவேல்சன் முதுகில் அடிபட்டு, பின்னாளில் வான்கோழி வளர்த்துப் பிழைத்தார். நீர்ச்சறுக்கைத் தொடங்கியவர் அவர்தான் என்று அமெரிக்கச் சங்கம் ஒப்புக்கொண்டது 1966இல். பட்டறைக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று என் ஆடிட்டர் சொல்வார். ஜிஎஸ்டி எண் வாங்கவே என்னை இரண்டு வருடம் துரத்தியவர் அவர்.

அதன்பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள். ஹெர்ப் ஓப்ரையன் தானே சறுக்குபவர். 1960களில் பலகை செய்யத் தொடங்கித் தன் பெயரிலேயே நிறுவனம் நடத்தினார். அதை விற்றுவிட்டு எச்ஓ என்று இன்னொன்றைத் தொடங்கினார். அப்போது ஒற்றைப் பலகையில் பக்கவாட்டில் நின்று போகும் வேக்போர்டு புதிதாக வந்திருந்தது. 1985இல் கலிஃபோர்னியாவின் டோனி ஃபின் கொண்டுவந்த ஆரம்பகால வடிவம் மிதவையாக மிதந்தது. தண்ணீருக்குள் அமுக்கிக் கிளம்புவதற்குள் கற்றுக்குட்டிகள் களைத்துவிடுவார்கள். ஓப்ரையன் பலகையை மெல்லியதாக அழுத்தி வார்த்து, மிதப்பைக் குறைத்தார். மிதப்பது நல்லது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, குறைவாக மிதந்தால்தான் எழ முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டனின் ஆண்டி மேப்பிள் வளைவோட்டத்தில் பலமுறை உலக சாம்பியன். பிறகு தன் பெயரில் பலகை வடிவமைத்தார். பெரும்பாலும் தண்ணீரில் நின்றவர்கள்தான் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். பட்டறையில் பிறந்து தண்ணீரை அறியாமல் சாதித்தவர்களை நான் தேடிப் பார்த்தேன்; வேறு கருவிகளில் உண்டு. படகின் வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் கருவி கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்தது. அது எஞ்சின்காரன் மூளை கேட்கும் வேலை. பலகை அப்படியல்ல.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாலு வருடத்துக்குமுன் பெங்களூரில் ஒரு கிளப்புக்காக எட்டு வேக்போர்டுகள் செய்துகொடுத்தேன். அவர்களுடைய பழைய பலகையை வைத்து மோல்டு எடுத்தேன். மெழுகு தடவி, ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அடித்து, கண்ணாடியிழை மேட் விரித்து, ரெசின் ஊற்றி, நடுவில் நுரை வைத்து மூடினோம். கடைசியில் ஓரம் கூராக இருந்தது. பஸ் பாகங்களில் கூர்ஓரம் என்றால் நாங்கள் விடமாட்டோம்; யார் கையையாவது கிழிக்கும். எண்பதாம் நம்பர் உப்புத்தாளை வைத்து எட்டு பலகைகளின் ஓரத்தையும் நானே உட்கார்ந்து வழவழவென்று உருட்டினேன். பார்க்க மாம்பழம்போல இருந்தது.

முதல் நாளே திரும்பிவந்தது. பலகை தண்ணீரை விடமாட்டேன் என்கிறது, இழுத்துப் பிடிக்கிறது, திரும்பும்போது வழுக்குகிறது என்றார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எட்டையும் மூலையில் சாத்திவைத்தேன். அடுத்த வருடம் கோவாவிலிருந்து வந்த பையன் அந்தப் பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "யார் மாமா இதை உருட்டியது?" என்றான்.

சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது கவனித்திருப்பீர்கள். வாய் உருண்டையாக இருந்தால் தண்ணீர் வாயைவிட்டுத் தெறிக்காமல் சொம்பின் வயிற்றை ஒட்டிக்கொண்டு வழியும். விளிம்பு கூராக இருந்தால் வெட்டிக்கொண்டு விழும். பலகையும் அப்படித்தான். கூரான ஓரத்தில் தண்ணீர் அறுபட்டுப் பிரியும்; பலகை மேலே எழும்பி ஓடும். உருண்ட ஓரத்தைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, பலகையைக் கீழே உறிஞ்சும். முப்பது வருட அனுபவம் எனக்குச் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம்தான் அந்த எட்டு பலகைகளையும் கெடுத்தது.

அதே சமயம் ஓசூருக்கு ஒரு பலம் இருக்கிறது. ஸ்லாலம் பலகையின் அடியில், வாலுக்குப் பக்கத்தில், மீன்துடுப்புபோல ஒரு தகடு இருக்கும். அதன் நீளம் ஏறக்குறைய 6.8 இன்ச், ஆழம் 2.5 இன்ச், வால்முனையிலிருந்து தள்ளி இருக்கும் தூரம் முக்கால் இன்ச். இதை ஆயிரத்தில் ஐந்து பங்கு இன்ச் முன்னே பின்னே நகர்த்தினால் பலகையின் குணமே மாறுகிறது என்பார்கள். அறுத்த பலகையின் தகட்டை வெர்னியரில் அளந்தபோது, பையனுக்கு அது விளையாட்டின் ரகசியம். எனக்கு அது தினசரிப் பேச்சு. ஓசூரில் எந்த டூல்ரூமில் போய்க் கேட்டாலும் "ஐந்து தவு" என்றால் புரிந்துகொள்வார்கள்; தவு என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் அளக்கத் தெரிந்தால் போதுமா? எந்தப் பக்கம் நகர்த்தவேண்டும் என்பதைத் தண்ணீரில் கால்தான் சொல்லவேண்டும்.

சந்தையும் உதைக்கிறது. இந்தியாவில் ஸ்லாலம் பலகை வாங்க ஆளே கிடையாது என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டுக்கு விற்கவேண்டுமானால் கார்பன் துணியை ரெசினோடு சேர்த்தே விற்கும் தயார்நிலைத் துணி வேண்டும். அதைக் குளிர்பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் வைக்கவேண்டும். என் தெருவில் கரண்ட் போனால் எனக்கு ஜெனரேட்டர் டீசல் கவலை வந்துவிடும். சூடான அழுத்து இயந்திரம் தனிச் செலவு. இன்றைக்கு அவன் வந்து சேர்ந்தால் நான் கொடுக்கப்போவது தண்ணீர்த்தொட்டி மூடி வேலைதான். பலகை ஞாயிற்றுக்கிழமைகளில். ஐந்து வருடத்தில் நல்ல மூடி செய்வான்.

என் முடிவு

துபாய்க்குப் போகட்டும். போட்டி என் கணக்கில் கடைசி. கடன் வாங்கி ஃபுளோரிடா போவதற்கு நான் ஜாமீன் நிற்கமாட்டேன். பட்டறை இரண்டாவது, அதுவும் இப்போது அல்ல.

சம்பளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பட்டறைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். முப்பது வயதில் வந்தாலும் ரெசின் அவனை வேண்டாம் என்று சொல்லாது. தண்ணீர் அப்படிக் காத்திருக்காது. இருபத்திரண்டிலிருந்து முப்பதுவரை காலில் ஏறுகிற அறிவு, பிறகு எத்தனை உப்புத்தாள் தேய்த்தாலும் ஏறாது. இந்த வரிசையை மாற்றிப்போட்டால் எட்டு மாம்பழம்தான் கிடைக்கும்.

நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். நான்கு வருடம், அதிகம் போனால் ஐந்து. வாழைப்பழ மிதவை இழுப்பதோடு நின்றுவிடாமல், லீவு நாட்களில் சொந்தக் காசில் வளைவோட்டம் பழகவேண்டும். 13 மீட்டர் கயிற்றில் ஆறு மிதவைகள் என்று அவனே சொன்னானே, அது வரட்டும், அதற்குமேல் துரத்தவேண்டாம். உடைகிற ஒவ்வொரு பலகையையும் எங்கே உடைந்தது, யார் ஏறினார், எத்தனை கிலோ, எப்படி விழுந்தார் என்று நோட்டில் எழுதவேண்டும். வாடகைப் பலகைகள் நாள் முழுக்க அடிவாங்கும் இடம் அது. எந்தச் சோதனைச்சாலையும் அந்தக் கணக்கை எனக்குத் தராது. பக்கத்தில் கம்பிவட நீர்ச்சறுக்கு இருந்தால், மாதம் ஒருநாளாவது போய் அதன் மோட்டாரையும் கம்பத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஒன்று மாறினால் என் முடிவும் மாறும். விடுதிக்காரர்கள் அவனை ஸ்கீ பக்கமே விடாமல், வெறும் டிக்கெட் கிழிக்க வைத்தால், ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடவேண்டும். அப்போது மூடி செய்வது மேல்.

அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அங்கே முதலை உண்டா?" என்று கேட்டாள். ஒகேனக்கல் முதலைகளைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் அந்தப் பயம்தான் முதலில் வரும். இல்லை என்றதும் சரி என்றாள். மாமா மட்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், கடலில் நீரோட்டம் எப்படி என்று பையனிடம் அரைமணிநேரம் விசாரித்தார்.

விசா வர ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை பட்டறைக்கு வருகிறான். அறுத்த பலகையின் வால்பாதியைத் துபாய்க்கே திரும்ப எடுத்துப்போகப்போகிறானாம். விரிசலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமாம். என் பழைய வெர்னியரையும் கேட்டான், கொடுத்துவிட்டேன். நுனிப்பாதி ரெசின் டிரம்முக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. தொட்டி மூடி வாங்க வந்த ஒருவர் நேற்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதென்ன சார், இஸ்திரிப் பலகையா?" என்றார்.